பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கவுன்சில் டாக்ஸ் கட்டுவதும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கவனிப்பதும்

பிரிட்டனில் வீடு எடுத்துக் குடியேறுகிற பெரும்பாலானோருக்கு, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் வசூலிக்கும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் பில் வரும். பல குடும்பங்களுக்குப் பெரிய மாதச் செலவுகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் பில்லைப் படித்துப் பார்ப்பதே இல்லை. சிலர் தமக்கு உரிய தள்ளுபடியைக் கேட்காமல், வந்த தொகையை அப்படியே கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் வாடகை வீடுதானே, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு, கோர்ட் கடிதம் வந்த பிறகு பதறுகிறார்கள். ஊரில் வீட்டு வரி வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. இங்கே பெரும்பாலும் குடியிருப்பவரின் பொறுப்பு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்தாலே பாதிச் சிக்கல் குறையும்.

இந்த வரி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைவரி இருந்தது. அதை எதிர்த்து 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கலவரமே நடந்தது. அதைக் கைவிட்டு, வீட்டின் மதிப்பையும் அதில் வாழும் பெரியவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் இது உண்டு. வட அயர்லாந்தில் இல்லை, அங்கே பழைய ‘ரேட்ஸ்’ முறை தொடர்கிறது. கீழே சொல்பவை பெரும்பாலும் இங்கிலாந்துக்கானவை. மற்ற இரு நாடுகளிலும் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதலில்: பில் உங்கள் பெயரில் வர வேண்டுமா?

ஒரு வீட்டுக்கு ஒரு பில். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். வீட்டு உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் அவர்தான் கட்ட வேண்டும். நீங்கள் அவர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தால் பில் உங்களுக்கு வராது. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கணவன் மனைவி இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முழு வீட்டையும் எடுத்திருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவர் தன் பங்கைக் கட்டாமல் போய்விட்டால், கவுன்சில் அவருடைய பங்கையும் மிச்சமிருப்பவர்களிடம் கேட்கலாம். “என் கால் பங்கை நான் கட்டிவிட்டேன்” என்று சொன்னால் எடுபடாது. ஆகவே கூட்டாக வீடு எடுக்கும்போது, பில் யார் பெயரில் வரும், மற்றவர்கள் எந்தத் தேதியில் பணம் அனுப்ப வேண்டும் என்பதை முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அதே வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தத்தில் அறைக்கு மட்டும் வாடகை கொடுத்தால் கதை வேறு. அப்போது வரி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். முன்பு சில இடங்களில் இப்படிப்பட்ட வீடுகளின் ஒவ்வோர் அறையையும் தனி வீடாகக் கணக்கிட்டு, குடியிருப்பவருக்குத் தனி பில் அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் விதியை மாற்றி, முழு வீட்டையும் ஒன்றாகவே மதிப்பிட வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். அறை வாடகைக்கு மட்டும் இருக்கும் உங்களுக்குப் பில் வந்தால் உடனே கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள், ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து.

முழு வீட்டை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் “எல்லா பில்லும் வாடகையில் அடக்கம்” என்று வீட்டுக்காரர் வாயால் சொல்கிறார் என்றால், ஒப்பந்தத்தில் கவுன்சில் டாக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும்கூட, அவர் கட்டாமல் விட்டால் கவுன்சில் தேடி வருவது உங்களைத்தான்.

பதிவு செய்வது

அரசின் கவ்.யூகே (gov.uk) தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் எந்தக் கவுன்சில் என்று காட்டும். லண்டனில் பரோ எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகள் 32ம் சிட்டி ஆஃப் லண்டனும் இருக்கின்றன, தெருவின் இந்தப் பக்கம் ஒரு பரோ, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருப்பதும் சகஜம். லண்டனுக்கு வெளியே சில பகுதிகளில் கவுண்டி கவுன்சில், மாவட்டக் கவுன்சில் என்று இரண்டு அடுக்கு உண்டு. அங்கே பில் அனுப்புவதும் பணம் வாங்குவதும் மாவட்டக் கவுன்சில். அதில் பெரும் பங்கு கவுண்டிக்குப் போகும்.

கவுன்சிலின் இணையதளத்தில் குடிவந்த தேதி, முகவரி, வீட்டில் வாழும் பெரியவர்களின் பெயர், வாடகை ஒப்பந்த விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். இதைச் சாவி வாங்கிய வாரமே செய்துவிடுங்கள். வரி நாள் கணக்கில் ஓடுகிறது. நீங்கள் எப்போது சொன்னாலும் பொறுப்பு தொடங்கிய தேதியிலிருந்தே கணக்குப் போடுவார்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் ஆறு மாதப் பாக்கி மொத்தமாகத் தலையில் விழும்.

சீக்கிரம் பதிவு செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. கவுன்சில் டாக்ஸ் பில் நல்ல முகவரிச் சான்று. வங்கிக் கணக்கு திறக்கவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்கவும் பல இடங்களில் இதைக் கேட்பார்கள். அதனால் கணவன் மனைவி இருவர் பெயரும் பில்லில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லைப் படிப்பது

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது ‘பேண்ட்’. இங்கிலாந்தில் ஏ முதல் ஹெச் வரை எட்டு பேண்டுகள். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள். 40,000 பவுண்ட் வரை ஏ, 68,001 முதல் 88,000 வரை டி, 3,20,000க்கு மேல் ஹெச். போன வருடம் கட்டிய புது வீட்டுக்கும் 1991 விலைதான் கணக்கு. ஸ்காட்லாந்தும் 1991ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் விலை எல்லைகள் வேறு. வேல்ஸில் 2003 ஏப்ரல் விலை, பேண்டும் ஒன்பது.

கவுன்சில் ஆண்டுதோறும் டி பேண்டுக்கு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. மற்ற பேண்டுகள் அதன் பின்னங்கள்: ஏ ஒன்பதில் ஆறு பங்கு, பி ஏழு, சி எட்டு, அப்புறம் மேலே போகப் போக 11, 13, 15, ஹெச்சுக்கு 18. 2025-26இல் இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் தொகை 2,280 பவுண்ட். அந்தக் கணக்கில் ஏ பேண்ட் 1,520, ஹெச் 4,560 வரும். ஆனால் இடத்துக்கு இடம் ரொம்ப வேறுபடும். லண்டனிலேயே வாண்ட்ஸ்வொர்த், வெஸ்ட்மின்ஸ்டர் இரண்டும் நாட்டிலேயே மிகக் குறைவாக வசூலிப்பவை. வீடு தேடும்போது வாடகையை மட்டும் ஒப்பிடாமல், அந்த வீட்டின் பேண்டையும் அந்தக் கவுன்சிலின் தொகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். போஸ்ட்கோட் போட்டால் எந்த வீட்டின் பேண்டையும் கவ்.யூகே தளத்தில் பார்க்கலாம், பக்கத்து வீட்டினுடையதையும்.

அதே அளவு, அதே அமைப்புள்ள பக்கத்து வீடுகள் எல்லாம் சி, உங்களுடையது மட்டும் டி என்றிருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். இதைக் கேட்க வேண்டியது கவுன்சிலிடம் இல்லை, பேண்டை முடிவு செய்யும் மதிப்பீட்டு அமைப்பிடம். வரி கட்டத் தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் முறைப்படி ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு என்றால் வலுவான ஆதாரம் தர வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஆராய்ந்து பார்த்துவிட்டு பேண்டை ஏற்றவும் அவர்களால் முடியும். சில வேளை பக்கத்து வீட்டாருடைய பேண்டும் சேர்ந்து ஏறிவிடும். அண்டை வீட்டுப் பேண்டுகளை நன்றாகப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பேண்டைக் குறைத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் நிறுவனங்கள் தேவையே இல்லை.

தள்ளுபடிகள்: கேட்டால்தான் கிடைக்கும்

முழு வரி என்பது வீட்டில் இரண்டு பெரியவர்களாவது இருக்கிறார்கள் என்ற கணக்கில் போட்டது. ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கும், குடும்பம் வந்து சேரும்வரை தனியாக வீடு எடுத்திருப்பவருக்கும் இது பொருந்தும். பிறகு மனைவியோ கணவரோ வந்து சேர்ந்ததும் கவுன்சிலுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பழைய தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பதோடு அபராதமும் போடலாம்.

சிலரை எண்ணும்போது விட்டுவிடுவார்கள். முழுநேர மாணவர்கள் அதில் முக்கியமானவர்கள். படிப்பு குறைந்தது ஓராண்டு நீடிக்க வேண்டும், ஆண்டுக்கு 24 வாரமாவது இருக்க வேண்டும், வாரத்துக்குச் சராசரியாக 21 மணி நேரப் படிப்பு வேண்டும். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே கிடையாது. மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒருவர் இருந்தால், அவர் மட்டுமே எண்ணிக்கையில் வருவதால் 25 சதவீதம் குறையும், ஆனால் மீதிப் பில் அவர் தலையில். பல்கலைக்கழகத்திடம் இதற்கென்றே ஒரு கடிதம் தரச் சொல்லி வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

மாணவ விசாவில் இருப்பவரின் துணைவர் பிரிட்டிஷ் குடிமகனாக இல்லாமல், வேலை பார்க்கவோ அரச உதவி பெறவோ விசா நிபந்தனை தடுத்தால், அவரையும் எண்ணாமல் விட இடமுண்டு. இது பலருக்குத் தெரியாது, சில கவுன்சில் அலுவலர்களுக்கும்கூட. எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

படிப்பு முடிந்த நாளோடு மாணவர் சலுகையும் முடிகிறது. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவில் இருப்பவர் வேலை தேடிக்கொண்டிருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த மாதங்களுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பெற்றோரோடு வாழ்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். டிமென்ஷியா போன்ற கடுமையான மனநலப் பாதிப்பு இருப்பதாக மருத்துவர் சான்றளித்து, அதற்குரிய அரச உதவித்தொகைக்குத் தகுதியும் இருந்தால் அவரை எண்ண மாட்டார்கள். உடற்குறையுள்ள ஒருவருக்காக வீட்டில் கூடுதல் குளியலறையோ, சக்கர நாற்காலி ஓட்ட இடமோ தேவைப்பட்டிருந்தால் பில்லை ஒரு பேண்ட் இறக்கிப் போடுவார்கள்.

விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்றிருந்தால்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். தவறினால் விசாவே பாதிக்கப்படலாம்.

வேலை விசா, மாணவ விசா, துணைவர் விசாக்கள் பெரும்பாலானவற்றில் பொது நிதி உதவி, அதாவது பட்டியலிட்ட அரச உதவிகள், பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு வரியைக் குறைக்கும் திட்டம் ஒன்று ஒவ்வொரு கவுன்சிலிலும் உண்டு. கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் என்பார்கள், சில கவுன்சில்கள் கவுன்சில் டாக்ஸ் சப்போர்ட் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. இது பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. அந்த நிபந்தனை உள்ளவர் இதற்கு விண்ணப்பிக்கக் கூடாது.

ஆனால் தனியாள் 25 சதவீதத் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை வரியின் விதியிலேயே இருக்கும் கழிவுகள். எந்த விசாவில் இருந்தாலும் பயமில்லாமல் கேட்கலாம். விசாவுக்கு ஆபத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தனியாக வாழும் செவிலியர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் வருடக் கணக்கில் முழு வரியைக் கட்டுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் விஷயம். அந்தக் கால் பங்கு அவர்களுக்குச் சட்டப்படி உரியது. முன்பே தனியாக இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

சில இணையதளங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே தலைப்பின் கீழ் இருக்கும். வருமானம், சேமிப்பு, சம்பளச் சீட்டு என்று கேட்கத் தொடங்கினால் நீங்கள் தவறான படிவத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். தனியாள் தள்ளுபடிக்கு வருமானமே கேட்க மாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர் (காலவரையின்றித் தங்கும் அனுமதி) இருந்து மற்றவருக்கு நிபந்தனை இருந்தால், ரிடக்ஷன் கேட்பதற்கு முன் அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

பணம் கட்டுவது, கட்ட முடியாமல் போனால்

வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. பிப்ரவரியும் மார்ச்சும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் சுமை குறைய வேண்டுமானால் பன்னிரண்டு தவணையாக்கும்படி கேட்கலாம், அது உங்கள் உரிமை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் டைரக்ட் டெபிட் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஸ்காட்லாந்தில் தண்ணீர், கழிவுநீர்க் கட்டணமும் இதே பில்லில் சேர்ந்து வரும், அதனால் தொகையைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும், ஏழு நாளில் கட்டச் சொல்லி. அப்போதும் கட்டாவிட்டால் தவணை வசதியே போய், ஆண்டின் மீதித் தொகை முழுவதும் உடனே கேட்கப்படும். அடுத்தது மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன், அதன் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். அதற்குப் பின் சம்பளத்தில் பிடித்தம் அல்லது பெயிலிஃப், அதாவது பாக்கியை வசூலிக்க வீட்டுக்கே வரும் அலுவலர். மற்ற கடன்களோடு ஒப்பிட்டால் இது படுவேகமாகப் போகும் பாதை. அதனால்தான் கடன் ஆலோசகர்கள் கிரெடிட் கார்டுக்கு முன் இதைக் கட்டச் சொல்கிறார்கள்.

கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே கவுன்சிலை அழையுங்கள். முதல் நினைவூட்டலுக்கு முன் பேசினால் தவணையை மாற்றித் தருவார்கள், கோர்ட்டுக்குப் போன பின் பேசினால் செலவோடுதான் பேச வேண்டியிருக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் என்ற ஆலோசனை அமைப்புகள் இரண்டும் காசு வாங்காமல் உதவும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் இருக்கும் பிரீதிங் ஸ்பேஸ் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகர் மூலம் 60 நாள் அவகாசம் வாங்கலாம். பெயிலிஃப் வந்துவிட்டால் பயந்து கதவைத் திறக்காதீர்கள். கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காகப் பூட்டை உடைத்து உள்ளே வர அவருக்கு அதிகாரமில்லை. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வரவும் கூடாது.

“உங்களுக்கு வரி திரும்ப வருகிறது, வங்கி விவரத்தைத் தாருங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. அழித்துவிடுங்கள்.

இந்தப் பணம் எங்கே போகிறது

பில்லின் பின்பக்கத்தையோ கூட வரும் தாளையோ பாருங்கள். மொத்தத் தொகை முழுவதும் உங்கள் கவுன்சிலுக்குப் போவதில்லை. லண்டனில் ஒரு பங்கு மேயரின் கிரேட்டர் லண்டன் ஆணையத்துக்கு, அதாவது காவல்துறை, தீயணைப்பு, போக்குவரத்துக்குப் போகிறது. வெளியூர்களில் காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் தனித்தனித் தொகைகள் காட்டியிருப்பார்கள். கிராமப் பகுதிகளில் பாரிஷ் கவுன்சிலுக்கு ஒரு சின்னத் தொகை.

கவுன்சில் டாக்ஸ் என்றதும் குப்பை வண்டியும் தெருவிளக்கும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் சமூகப் பராமரிப்பைக் கவனிக்கும் கவுன்சில்களின் பணத்தில் பாதிக்கு மேல் முதியோர், உடற்குறையுள்ளோர் பராமரிப்புக்கும், பாதுகாப்பற்ற நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் போகிறது. கேர் ஹோமில் இருப்பவருக்கான கட்டணம், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உணவு கொடுக்கும் பணியாளரின் சம்பளம், வளர்ப்புப் பெற்றோருக்கான உதவி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வண்டி எல்லாம் இதில் அடங்கும். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கேர் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதி இந்த வரியிலிருந்து வருகிறது. பில்லில் ‘அடல்ட் சோஷியல் கேர்’ என்று தனியாகக் காட்டும் உயர்வு 2016 முதல் இதற்கென்றே சேர்த்தது.

பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கு மத்திய அரசு தனி மானியம் தருகிறது. என்.ஹெச்.எஸ் மருத்துவமனை கவுன்சிலின் கணக்கில் வராது. கவுன்சில் வீடுகளின் வாடகையும் பராமரிப்பும் தனிக் கணக்கு.

பராமரிப்புச் சேவைகளைச் செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதியோர் எண்ணிக்கை கூடக் கூட அந்தச் செலவு ஏறுகிறது. ஆக, வெட்டு விழுவது சட்டக் கட்டாயம் குறைந்த இடங்களில்: இளைஞர் மையம், பூங்கா, நீச்சல் குளம், சமூக மண்டபம், கலைக்கான மானியம். நூலகம் நடத்துவது 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை, ஆனால் எத்தனை கிளை வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் கிளைகள் மூடப்படுகின்றன, திறந்திருக்கும் நேரம் சுருங்குகிறது.

இவையெல்லாம் வருமானம் பாராமல் எல்லோரும் நுழையக்கூடிய இடங்கள், புதிதாக வந்தவர்களுக்கு அதிகம் பயன்படுபவையும் இவைதான். நூலக உறுப்பினராக ஒரு பைசா வேண்டாம். கணினி, குளிர்காலத்தில் கதகதப்பான இடம், குழந்தைகளுக்குக் கதை நேரம், பல இடங்களில் ஆங்கில உரையாடல் வகுப்பும் கிடைக்கும். தமிழர்கள் அதிகம் வாழும் லண்டன் பரோக்கள் சிலவற்றில் தமிழ்ப் புத்தக அலமாரியும் உண்டு. அதிலிருந்து நிறையப் புத்தகம் எடுங்கள். எடுப்பார் இல்லாத அலமாரியைக் காட்டித்தான் அடுத்த வெட்டுக்குக் காரணம் சொல்வார்கள்.

முதலீடு என்றால்

அன்றாடச் செலவு வேறு, முதலீடு வேறு. புது நூலகக் கட்டடம், சாலைச் சீரமைப்பு, விளையாட்டு அரங்கு போன்றவற்றைக் கவுன்சில் பெரும்பாலும் கடன் வாங்கியோ மானியம் பெற்றோ செய்கிறது. அந்தக் கடனின் வட்டியும் தவணையும் ஆண்டு வரவு செலவில் ஏறும், அதில் உங்கள் வரியும் அடக்கம்.

இது சரியாக நடந்தால் ஊருக்கு நல்லது. தவறினால் என்ன ஆகும் என்பதைச் சில ஊர்கள் பார்த்துவிட்டன. சர்ரியிலுள்ள வோக்கிங், நகர மையத்தில் ஹோட்டலும் அடுக்குமாடிகளும் கட்ட நூறு கோடி பவுண்டுக்கு மேல் கடன்பட்டு, 2023 ஜூனில் செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. எசெக்ஸின் தரக் (Thurrock) கவுன்சில் சூரிய மின் நிறுவனங்களில் கடன் வாங்கிப் போட்ட பணத்தால் 2022 டிசம்பரில் அதே நிலைக்கு வந்தது. பர்மிங்காமில் காரணம் வேறு: சமச் சம்பள வழக்குகளின் பொறுப்பும் தவறிப்போன ஒரு கணினித் திட்டமும். அங்கே 2024-25இல் வரியைக் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றினார்கள். வழக்கமாக 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றப் பொது வாக்கெடுப்பு வேண்டும், அவர்களுக்கு அரசு தனி அனுமதி தந்தது. லாபத்துக்காகச் சொத்து வாங்க அரசுக் கடன் நிதியில் பணம் தருவதை 2020 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

சின்ன அளவில், குடியிருப்பவர்களின் குரல் நேராக எட்டும் ஒரு பணமும் உண்டு. புதுக் கட்டடம் கட்டும் நிறுவனங்களிடம் பல கவுன்சில்கள் உள்கட்டமைப்பு வரி வாங்குகின்றன. சுருக்கமாக ‘சில்’ என்பார்கள். அதில் 15 சதவீதம் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குச் செலவாக வேண்டும், அந்தப் பகுதிக்கு அக்கம்பக்கத் திட்டம் (நெய்பர்ஹுட் பிளான், பகுதி மக்கள் சேர்ந்து போட்ட வளர்ச்சித் திட்டம்) இருந்தால் 25 சதவீதம். லண்டன் பரோக்கள் இதற்கு மக்களிடம் யோசனை கேட்கின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இடம் தேடும் அமைப்புகள், மண்டபம் ஒன்றைப் புதுப்பிக்கவோ சாய்தளம் போடவோ இங்கே விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் திறந்த இடமாக இருந்தால் வாய்ப்பு அதிகம். கவுன்சிலின் சமூக மானியத் திட்டங்களின் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

கேட்கும் உரிமை

கவுன்சில் தேர்தலில் வாக்களிக்க பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், அதாவது இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், இங்கே தங்க முறையான அனுமதி இருந்தால் வாக்களிக்கலாம். மாணவ விசாவில் இருப்பவரும்தான். இங்கிலாந்தில் 18 வயது, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு 16. கவுன்சில் டாக்ஸுக்குப் பதிந்தால் வாக்காளராகவும் பதிவாகிவிட்டதாக நினைக்காதீர்கள், அது தனிப் பதிவு. இங்கிலாந்தில் 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும், காமன்வெல்த் பாஸ்போர்ட் செல்லும்.

பெரும்பாலும் நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் மீது கருத்துக் கேட்பார்கள். முழுக் கவுன்சில் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ முடிவெடுக்கும். உங்கள் நூலகத்தை மூடும் யோசனை இருந்தால் அந்தக் கருத்துக்கேட்பில்தான் தெரியவரும். மார்ச்சில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் தாமதம். உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கண்டுபிடித்து, அவர் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்குப் போங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கேட்பதற்குத்தான் அந்த நேரத்தை ஒதுக்குகிறார்கள்.

500 பவுண்டுக்கு மேற்பட்ட செலவுகளை இங்கிலாந்துக் கவுன்சில்கள் வெளியிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை 30 வேலை நாட்களுக்குக் கணக்குகளையும் ரசீதுகளையும் பார்வைக்கு வைக்க வேண்டும். மற்ற தகவல்களுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதினால் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும்.

சாலைக் குழி, எரியாத விளக்கு, வீசிப்போட்ட குப்பையை இணையத்திலேயே தெரிவியுங்கள், புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழியில் சக்கரம் உடைந்தால், அந்தக் குழி முன்பே புகாராகியிருந்தது என்பதே இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு வலு. கவுன்சிலின் புகார் முறையில் தீர்வு கிடைக்காவிட்டால், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். பேண்ட், வரிப் பொறுப்பு பற்றிய தகராறுகளுக்கு மட்டும் தனித் தீர்ப்பாயம்.

வீடு மாறும்போது

கிளம்பும் தேதியைப் பழைய கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே காலி செய்தாலும், சில ஒப்பந்தங்களில் முடிவுத் தேதிவரை வரி உங்கள் பொறுப்பாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். இறுதிப் பில் வரும்வரை டைரக்ட் டெபிட்டை ரத்து செய்ய வேண்டாம். அதிகமாகக் கட்டியிருந்தால் திருப்பித் தருவார்கள், அதற்குப் புது முகவரியையும் வங்கி விவரத்தையும் கவுன்சிலின் இணையதளத்திலேயே கொடுங்கள். தள்ளுபடியும் வாக்காளர் பதிவும் உங்கள் பின்னாலேயே வராது, புதுக் கவுன்சிலில் இரண்டையும் மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.